கனடாவிலேயே இருப்பதா, யாழ்ப்பாணம் திரும்புவதா: ஓய்வுபெற்றவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1980களிலும் 1990களிலும் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்து, இரண்டு வேலை செய்து வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து முடித்தவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டி நிற்கிறார்கள். ஊரோடு போய்விடலாமா என்ற யோசனை அவர்களில் பலருக்கு உண்டு. ரொறொன்ரோவின் ஸ்காபரோவிலும் அருகிலுள்ள மார்க்கம் நகரிலும் மூத்தோருக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். மருத்துவக் காப்புறுதி பற்றிய விதிகள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், கையெழுத்து வைக்கும் முன் உரிய அலுவலகத்தில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஊரோடை போனால் கனடாப் பென்சன் நிண்டுபோகுமோ?

எல்லோரும் 'பென்சன்' என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் மாதக் கடைசியில் வருவது பெரும்பாலும் மூன்று வெவ்வேறு பணம். நீங்கள் வேலை செய்தபோது சம்பளத்தில் கழிக்கப்பட்டுச் சேர்ந்த கனடா ஓய்வூதியத் திட்டப் பணம், அதாவது சீ.பி.பி., உலகின் எந்த மூலையில் இருந்தாலும் வரும்; அதற்கு வதிவிட நிபந்தனை எதுவும் இல்லை. தொழிற்சாலையோ நிறுவனமோ தருகிற தனி ஓய்வூதியமும் பொதுவாக அப்படித்தான்.

இரண்டாவது, 65 வயதில் தொடங்கும் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம். பதினெட்டு வயதுக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தவருக்கு மட்டுமே இது வெளிநாட்டிலும் தொடர்ந்து கிடைக்கும். மூன்றாவது, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அதனுடன் சேர்த்துத் தரப்படும் உதவித்தொகை. நம்மவர்கள் 'சப்ளிமென்ட்' என்பது இதைத்தான். நீங்கள் நாற்பது ஆண்டுகள் இங்கே இருந்திருந்தாலும், கனடாவுக்கு வெளியே ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால் சப்ளிமென்ட் நின்றுவிடும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வங்கிக்கு வரும் தொகையில் எவ்வளவு எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது. 'எனக்கு மாதம் இவ்வளவு வருகிறது, ஊரில் அதை வைத்து அரசன் மாதிரி இருக்கலாம்' என்று கணக்குப் போடுகிறவர்களில் சிலருக்கு அந்தத் தொகையின் பெரும்பகுதி சப்ளிமென்ட்டாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இருவது வருசம் எண்டால் வேலை செய்த வருசத்தையோ சொல்லினம்?

இல்லை, வாழ்ந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள். வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த தாய்க்கும் அதே கணக்குத்தான். தொகையின் அளவும் வதிவிட ஆண்டுகளைப் பொறுத்ததே: 40 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முழுத் தொகை, 30 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு அதில் நாற்பதில் முப்பது பங்கு. 1990இல் 35 வயதில் வந்து 2020இல் 65 வயதில் பெறத் தொடங்கியவருக்கு முக்கால் பங்கு கிடைக்கும். அவர் ஊருக்குப் போனாலும் அந்த முக்கால் பங்கு தொடரும்.

65 வயதில் எடுக்காமல் 70 வரை தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 0.6 வீதம் கூடும், அதாவது ஐந்து ஆண்டுகளில் 36 வீதம். சீ.பி.பி.யில் அது மாதத்துக்கு 0.7 வீதம், ஐந்து ஆண்டுகளில் 42 வீதம். உடல்நலத்தோடு இன்னும் வேலை செய்துகொண்டிருப்பவர், போவதைச் சில ஆண்டுகள் பிற்போடுவதாக இருந்தால், இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

என்னைப் பிள்ளையள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவை. எனக்கும் இதே கணக்கோ?

விதி ஒன்றுதான், ஆனால் விளைவு மிகவும் வேறு. அறுபது வயதுக்குப் பிறகு வந்த பெற்றோருக்குப் பத்து ஆண்டுகள் நிறைந்த பின்னரே முதியோர் ஓய்வூதியம் கிடைக்கும். கிடைப்பதும் நாற்பதில் பத்துப் பங்குதான். மீதியை நிரப்புவது சப்ளிமென்ட். இருபது ஆண்டுகள் நிறையும் முன் ஊரோடு போனால், புறப்பட்ட மாதமும் அதன் பின் ஆறு மாதங்களும் கழிந்ததும் இரண்டும் நிற்கும். கையில் எதுவும் மிஞ்சாது. இந்தியாவுடன் கனடாவுக்கு 2015 முதல் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது. இலங்கையுடன் அப்படி ஒன்று இல்லாததால் ஊரில் வாழ்ந்த ஆண்டுகளை இதில் சேர்க்க முடியாது.

இப்படி வந்தவர்கள் ஊருக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பும் பயணங்களாக வைத்துக்கொள்வது அவர்களுக்குப் பொருந்தும்.

ஆறு மாசம் அங்கை, ஆறு மாசம் இஞ்சை. அப்பிடியெண்டால் ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?

பெரும்பாலும் இல்லை, இரண்டு உலகத்தையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம். ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியை வைத்திருக்க எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் நீங்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். அதாவது 212 நாட்கள் வரை வெளியே இருக்கலாம். சப்ளிமென்ட் எடுக்கிறவர்களுக்கு எல்லை அதைவிடக் குறைவு: ஆறு மாதம். 'எங்களை ஆர் எண்ணப் போகினம்' என்ற பழைய துணிச்சல் இப்போது உதவாது. 2020இலிருந்து விமானத்தில் வெளியேறுகிறவர்களின் விவரமும் எல்லைச் சேவைக்குப் போகிறது. ஓய்வூதியப் பிரிவு அதைப் பார்க்கலாம், கூடுதலாகக் கொடுத்ததைப் பின்னர் அறவிடவும் செய்யலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று பயண மருத்துவக் காப்புறுதி. நீங்கள் வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் சேர்ந்தால் ஒன்ராறியோ தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர்தான். தனியார் காப்புறுதிகளோ, ஏற்கெனவே உள்ள நோய் புறப்படுவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில் மாற்றமின்றி நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும். புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றியதே கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம்.

மாதங்களைத் தெரிவதிலும் ஒரு சங்கடம் உண்டு. பனிக்குத் தப்ப நவம்பரில் போகிறவர்கள் யாழ்ப்பாணத்து மாரி மழையில் இறங்குவார்கள். தையும் மாசியும் இதமாக இருக்கும். ஆனால் நல்லூர்த் திருவிழா ஆடி ஆவணியில் வருகிறது, அப்போது இங்கே பேரப்பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு விமானச் சீட்டுக்குக் காசு ஒதுக்கத்தான் வேண்டும்.

ஹெல்த் காட் ஒருக்காப் போனால் திரும்ப எடுக்கேலாதோ?

எடுக்கலாம். கனடாக் குடிமகன் ஒன்ராறியோவுக்குத் திரும்பி வந்து குடியிருப்பை நிறுவினால் காப்புறுதிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. திரும்பிய பின் முதல் 183 நாட்களில் 153 நாட்கள் இங்கே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அட்டை திரும்பக் கிடைப்பதைவிடக் கடினமானது குடும்ப வைத்தியர் திரும்பக் கிடைப்பது. நீண்ட காலம் வராதவரின் பெயரை வைத்தியர் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், புதியவர் ஒருவரைத் தேடி அலைய வேண்டிவரும்.

அங்கை ஆஸ்பத்திரி எப்பிடி? நம்பி இருக்கலாமோ?

நாளாந்த வருத்தங்களுக்கு நம்பலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை உட்பட அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கென வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது. தனியார் வைத்தியசாலைகளில் நிபுணரைக் காசு கொடுத்து அன்றைக்கே பார்ப்பது, இங்கே மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தபோது மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததையும், வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனதையும் மறக்கக் கூடாது. சிக்கலான சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கலாம். அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 2019இல் திறந்து, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்ட பலாலி-சென்னை விமானத்தால் சிலர் சென்னைக்கே போய்வருகிறார்கள். சிறுநீரகச் சுத்திகரிப்பு, இதய நோய், புற்றுநோய்க்குப் பிந்தைய கண்காணிப்பு என்று தொடர்ச்சியான சிகிச்சையில் இருப்பவர், அதே சிகிச்சை தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்குமா என்பதை நேரில் போய் விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மருந்துகளின் வணிகப் பெயர்கள் அங்கே வேறாக இருக்கும். மூலப் பெயர்களில் ஒரு பட்டியலை வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கனடாப் பாஸ்போட்டை விடவேணுமோ? இரட்டைக் குடியுரிமை எடுக்கத்தான் வேணுமோ?

கனடாக் குடியுரிமையை விட வேண்டிய தேவை இல்லை, விடவும் வேண்டாம். கனடாக் குடியுரிமை பெற்றபோது இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போயிருக்கும். அதைத் திரும்பப் பெறத்தான் இரட்டைக் குடியுரிமை. 55 வயதைத் தாண்டியவர்கள் என்ற பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம். இலங்கையில் சொத்து அல்லது நிலையான வைப்பு வைத்திருப்போருக்கு வேறு பிரிவுகளும் உண்டு. சுற்றுலா விசாவில் போய் நீடித்து நீடித்து வாழ்வது எழுபது வயதில் செய்யத்தக்க காரியம் அல்ல.

காணி வாங்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியைச் சொந்தமாக மாற்றுவதைத் தடுக்கிறது; இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. தேர்தலில் வாக்களிக்கலாம், ஆனால் 2022இன் 21ஆம் திருத்தத்துக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. அதற்காகக் கவலைப்பட்டவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நான் இன்னும் பி.ஆர். தான். அப்பிடியே போகலாமோ?

போகாதீர்கள். நிரந்தர வதிவாளர் ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும்; தவறினால் திரும்பி வரும் உரிமையே கேள்விக்குள்ளாகும். ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இருந்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மொழித் தேர்வும் பொது அறிவுத் தேர்வும் இல்லை. 'எனக்கு இங்கிலீசு வராது' என்று முப்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை போலும்.

ஊருக்குப் போனால் இஞ்சை ரக்ஸ் கட்டுறதை நிப்பாட்டலாமோ?

விமானம் ஏறியதாலேயே நீங்கள் வரிக்கணக்கில் வதிவற்றவர் ஆகிவிட மாட்டீர்கள். இங்கே வீடு, வாழ்க்கைத்துணை, உங்களில் தங்கியிருப்பவர்கள் என்ற பிணைப்புகள் இருக்கும்வரை வதிவாளராகவே கருதப்படலாம். அப்போது உலகெங்கும் வரும் வருமானத்துக்கும் வழமைபோல வரி அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். பிணைப்புகளை அறுத்து உண்மையில் வதிவற்றவர் ஆனால், ஓய்வூதியங்களில் பொதுவாக 25 வீதம் பிடிக்கப்பட்டு மீதி வரும். இலங்கையுடன் கனடாவுக்கு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இந்த வீதம் குறையலாம். அதற்குப் பிறகும், வருமானம் சிறியதாக இருப்பவர் கனடா வருமான வரிச் சட்டத்தின் 217ஆம் பிரிவின் கீழ் அறிக்கை சமர்ப்பித்துப் பிடித்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டு.

நம்மவர்கள் பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வதிவற்றவர் ஆகும் நாளில் உங்கள் சொத்துகள் பலவற்றை அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி, இலாபத்துக்கு வரி கேட்பார்கள். கனடாவில் உள்ள வீடும், ஆர்.ஆர்.எஸ்.பி. போன்ற ஓய்வூதியச் சேமிப்புகளும் இதில் சேராது. ஆனால் யாழ்ப்பாணத்துக் காணி சேரும். 1990இல் கனடா வந்த நாளில் உங்கள் பெயரில் இருந்த காணியானால் அன்றைய மதிப்பும், பின்னர் முதுசமாக வந்ததானால் அது கைக்கு வந்த நாளின் மதிப்பும் தொடக்கக் கணக்காக எடுக்கப்படும். நல்லூரிலோ திருநெல்வேலியிலோ பரப்பு விலை ஏறியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இது சின்ன விடயம் அல்ல. மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ஒரு மதிப்பு வாங்கி வைத்துக்கொண்டு, இத்தகைய கணக்குகளில் அனுபவம் உள்ள கணக்காளரைப் பாருங்கள். ஆண்டுதோறும் டி4 எனும் சம்பளச் சீட்டை வைத்து வரிப் படிவம் மட்டும் நிரப்பித் தருகிறவர் இதற்குப் போதாது.

அப்ப ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டுப் போறதோ, வாடகைக்கு விடுறதோ?

முதல் ஆண்டில் விற்காதீர்கள். விற்றுவிட்டால் அதே பகுதியில் அதே மாதிரி வீட்டைத் திரும்ப வாங்குவது ஓய்வுபெற்றவருக்கு ஏறக்குறைய முடியாத காரியம். எடுத்த முடிவுகளில் மீளமுடியாதது இதுவாகத்தான் இருக்கும்.

வைத்திருப்பதானால் சும்மா பூட்டிவைக்கவும் கூடாது. ரொறொன்ரோ நகரத்தில் ஆண்டில் ஆறு மாதங்கள் அல்லது அதற்கு மேல் வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கு, 2024ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, மதிப்பிட்ட பெறுமதியில் 3 வீத வரி உண்டு. வேறு எங்கும் முதன்மை வதிவிடம் இல்லாமல் பாதி ஆண்டு நீங்களே அதில் வாழ்ந்தால் அந்த வரி இல்லை, ஆனாலும் நகரசபை கேட்கும் அறிவிப்பை ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் குழாய் வெடித்தால் வீட்டுக் காப்புறுதி கைவிரிக்கலாம். வாடகைக்கு விட்டு நீங்கள் வதிவற்றவராகவும் ஆகிவிட்டால், மொத்த வாடகையில் 25 வீதத்தைப் பிடித்து வருமான வரிப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். செலவு கழித்த தொகைக்கே வரி கட்ட முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நிரந்தரமாகப் போவது உறுதியான பிறகு விற்பதானால், வதிவாளராக இருக்கும்போதே விற்பது சுலபம். வதிவற்றவர் விற்கும்போது வரிப் பகுதியின் சான்றிதழ் வரும்வரை விலையில் ஒரு பங்கை வாங்குபவர் பிடித்து வைப்பார்.

மகனின் வீட்டு நிலவறையில் இருந்துகொண்டு, சொந்த வீட்டை அவன் பெயரில் எழுதிவிட்டுப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். எழுதாதீர்கள். மகன் நல்லவனாகவே இருந்தாலும் அவனுடைய விவாகரத்து, அவனுடைய கடன் எல்லாம் அந்த வீட்டைத் தொடும்.

ஊர்க்காணி அப்பற்றை பேரிலை கிடக்கு. வேறை ஆக்கள் இருக்கினம். எழுப்பலாமோ?

இதற்கு ஒரே பதில் இல்லை. அவர்கள் எப்படி வந்து இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் குடும்பம் 'பார்த்துக்கொள்ளுங்கோ' என்று இருத்தியவருக்கும், தானாக வந்து வேலியடைத்தவருக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் 10 ஆண்டுகள் ஆண்டவர் உரிமை கோரலாம். உரிமையாளர் கடல் கடந்து வாழ்வதை அச்சட்டம் ஓரளவு கணக்கில் எடுக்கிறது. முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டால் அதுவும் உதவாது. போரால் வெளியேறியவர்களுக்காக 2016இல் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது, ஆனால் அதன் கீழ் வழக்கிடுவதற்குக் கொடுத்த காலம் குறுகியது. ஆகவே, இருப்பவர் உங்கள் அனுமதியில்தான் இருக்கிறார் என்பதைக் காட்டும் எழுத்து, வாடகைப் பற்றுச்சீட்டு, பழைய கடிதம் எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள்.

காணி இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் முதுச வழியைச் சீர்செய்ய வேண்டும்: இறப்புச் சான்றிதழ், உரித்தாளர்கள் யார் என்ற விவரம், காணிப் பதிவகத்தில் உறுதியின் நிலை, நில அளவையாளர் பார்த்த எல்லைகள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்கு விற்கப்படும்போது கூட்டுரித்தாளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டு. கணவன் எழுத்தில் சம்மதிக்காமல் மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவும் முடியாது. இங்கிருந்து அற்றோர்ணித் தத்துவம் கொடுப்பவர்கள், 'எல்லாம் செய்யலாம்' என்ற பொது அதிகாரத்தைக் கொடுக்காமல், குறிப்பிட்ட காணிக்கும் குறிப்பிட்ட செயலுக்கும் மட்டும் கொடுப்பது நல்லது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காணியானால், விடுவிக்கப்பட்டுவிட்டதா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்த பிறகே வீடு கட்டும் பேச்சை எடுக்கலாம்.

மாசம் எவ்வளவு காசு இருந்தால் சமாளிக்கலாம்?

தொகையாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் சொந்த வீடு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும், ஆட்டோவில் போகிறவருக்கும் காரும் சாரதியும் வைப்பவருக்கும் கணக்கு ஒன்றல்ல. ஒன்றை மட்டும் பாருங்கள்: 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டியது, அந்தச் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. டொலரில் ஓய்வூதியம் வாங்கியவர் சமாளித்தார். வீட்டை விற்ற காசையெல்லாம் ரூபாயில் நிலையான வைப்பில் போட்டவரின் நிலை வேறு. வட்டி வீதம் எவ்வளவு இனித்தாலும், ஓராண்டுச் செலவுக்கு மேல் ரூபாயில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. காணி, வீட்டில் பெரிய தொகை போடுவதானால் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டுப் பணத்தை இலங்கையில் முதலிடுவதற்கான வங்கிக் கணக்கு) வழியாகக் கொண்டுபோனால்தான், பின்னர் விற்ற பணத்தைத் திருப்பிக் கொண்டுவருவது எளிதாகும்.

மறந்துபோகும் செலவுகளும் உண்டு. கோயில் உபயம், சொந்தக்காரரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, ஊர்ச் சங்கத்துக்கு நிதி என்று 'கனடாக்காரர்' என்ற பெயருக்கு ஊர் விதிக்கும் வரி, கனடா விதிக்கும் வரியைவிடச் சில சமயம் கூட.

எனக்குப் போக விருப்பம், மனுசிக்கு விருப்பமில்லை. என்ன செய்யிறது?

மறுபக்கமாக இதைக் கேட்ட பெண்கள் குறைவு என்பதையே முதலில் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ஊர் என்பது படித்த பள்ளிக்கூடம், வாசிகசாலை, கடற்கரை, பழைய நண்பர்கள். மனைவியருக்கு அது பெரும்பாலும் மாமியார் வீடும் சமையலறையும். இங்கே அவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும், தானாகப் பேருந்தில் ஏறிப் போய்வரும் சுதந்திரமும் இருக்கின்றன. 'அங்கை வேலைக்கு ஆள் வைக்கலாம்' என்பது அவர்களுடைய மறுப்புக்குப் பதில் ஆகாது.

தனித்தனியாக வாழ்வது சில குடும்பங்களில் நன்றாகவே நடக்கிறது. அப்படியானால் கணவர் வரிக்கணக்கில் வதிவற்றவர் ஆவது கடினம் (மேலே வரி பற்றிய பதிலைப் பார்க்கவும்), இரண்டு வீட்டுச் செலவும் வரும். சம்மதிக்க வைத்துவிட்டேன் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது: நீங்கள் முதலில் கண்ணை மூடிவிட்டால், அவர் ஊரில் அந்த வீட்டில் தனியாக இருப்பாரா?

படுக்கையிலை விழுந்தால் ஆர் பார்ப்பினம்?

பென்சனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்பது இதை. முடிவு உண்மையில் இதிலேதான் தங்கியிருக்கிறது. அறுபத்தாறிலிருந்து எழுபத்தைந்து வரையான, நடமாடக்கூடிய ஆண்டுகளுக்கு இரண்டு நாடும் நல்லவை. எண்பதுக்கு மேல், மறதி நோயோ பாரிசவாதமோ வந்தபின் என்ன என்பதை இப்போதே எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

ஊரில் வீட்டோடு இருந்து பார்க்க ஆள் வைப்பது இங்கு வைப்பதைவிட மிகவும் மலிவு. ஆனால் நம்பிக்கையான ஆள் கிடைப்பது வர வரக் கடினமாகிறது. இளையவர்கள் வெளிநாடு போய்க்கொண்டிருக்கிறார்கள், உங்களைப் பார்ப்பார்கள் என்று நீங்கள் நம்பும் தம்பியும் மச்சாளும் உங்கள் வயதுக்காரர்களே. சம்பளம் கொடுக்கவும், ஆள் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பார்க்கவும் உறவினர் ஒருவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் ரொறொன்ரோவிலிருந்து மகள் செய்யும் மேற்பார்வை அரைவாசிதான் பயன்படும். கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு, தனியார் இல்லங்களும் வந்திருக்கின்றன. முன்பணம் கட்டுவதற்கு முன் இரவில் யார் கடமையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

கனடாவிலும் நிலை நாம் நினைப்பதுபோல் இல்லை. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். தமிழ்ச் சாப்பாடும் தமிழ் பேசும் பணியாளரும் உள்ள இடம் வேண்டுமென்றால் இன்னும் நீளம். 2022இல் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டப்படி, வைத்தியசாலையில் படுக்கையை விட வேண்டிய நிலையில் இருக்கும் முதியவரை அவர் தெரிவு செய்யாத இல்லத்துக்கும் அனுப்பலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் வரை தொலைவில் இருக்கலாம், மறுத்தால் நாளுக்கு 400 டொலர். இந்தப் பட்டியலில் சேர செல்லுபடியாகும் மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆக, 'நல்லா இருக்கும்வரை ஊர், ஏலாமல் போனால் கனடா' என்ற திட்டம் கேட்க நன்றாக இருந்தாலும், ஏலாமல் போனவரை விமானத்தில் ஏற்றி, காப்புறுதி எடுத்து, பட்டியலில் போட்டு, இடம் கிடைக்கும்வரை மகளின் வீட்டு வரவேற்பறையில் வைத்திருப்பதுதான் அதன் நடைமுறை. அந்த மகளிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?

போய்ப் பிடிக்காட்டித் திரும்பி வரலாமோ?

வரலாம், படிகளை ஒழுங்காக வைத்திருந்தால். முதலில் 212 நாட்களுக்குள் (சப்ளிமென்ட் எடுக்கிறவருக்கு ஆறு மாதத்துக்குள்) அடங்கும் ஒரு நீண்ட பயணம். உறவினர் வீட்டில் விருந்தாளியாக இருந்துவிடாமல், வாடகை வீட்டில், சொந்தச் சமையலில், மாரி மழையும் சித்திரை வெயிலும் தெரியும்படி. கலியாண வீட்டுக்குப் போன மூன்று கிழமையில் ஊரைக் கணக்கெடுக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பித்துப் பாருங்கள். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். பிறகு இரட்டைக் குடியுரிமை, பிறகு காணிப் பத்திரங்கள். மருத்துவக் காப்புறுதியை விடுவதும் வதிவற்றவர் ஆவதும் அதன் பின். வீட்டை விற்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

மாறிச் செய்தவர்களும் இருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் பொதுவாக நான் கண்டது, ஊரில் செய்வதற்கு அவர்களுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது என்பது: தோட்டம், கோயில் திருப்பணி, பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு.

செத்துப்போனால் என்ன நடக்கும்? உயில் ஒண்டு போதுமோ?

முதியோர் ஓய்வூதியம் இறந்த மாதத்தோடு நிற்கும்; அறிவிக்காமல் விட்டால் பின்னர் வந்து சேர்ந்ததைத் திருப்பிக் கேட்பார்கள். சீ.பி.பி.யில் துணைவருக்கு உயிர்பிழைத்தோர் ஓய்வூதியமும், 2,500 டொலர் இறப்புக் கொடுப்பனவும் உண்டு, இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் நிகழ்ந்த இறப்பின் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு பல பிரதிகள் எடுத்து வைப்பது, இங்குள்ள வங்கிகளோடு மாரடிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

மரண சாசனம் இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக இருப்பது நல்லது. ஒன்ராறியோவில் இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டால் போதும். இலங்கையில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். காணியைப் பிள்ளைகளுக்கு இப்போதே நன்கொடை உறுதியாக எழுதுவதானால் உங்களுக்கும் துணைவருக்கும் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, வைத்து எழுதுங்கள். இரண்டாவது மரண சாசனத்தை எழுதும்போது, 'இதற்கு முன் எழுதிய சாசனங்கள் அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்' என்ற வழமையான வரியை நொத்தாரிசு தானாகச் சேர்த்துவிடுவார். அந்த வரி கனடாச் சாசனத்தையும் சேர்த்து அழித்துவிடாதபடி, 'இலங்கையில் உள்ள சொத்துகள் தொடர்பாக மட்டும்' என்று எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.